முதல் வரியில் ஒரு முகவரி

ஒரு ஸ்கிரிப்ட்டை எந்த இன்டர்பிரட்டர் ஓட்ட வேண்டும் என்று யார் சொல்வது? எடிட்டரா, ஷெல்லா, அந்தக் கோப்பா? 1970-களின் யூனிக்ஸிலேயே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது.

அன்று, ஓட்டும் அனுமதியுள்ள உரைக்கோப்பு ஒன்றின் பெயரை அடித்தால், அதை நிரலாக ஏற்கக் கெர்னல் மறுத்துவிடும். உடனே ஷெல் தன்னையே இன்னொரு முறை ஓடவிட்டு, கோப்பை வரிவரியாகப் படிக்கும். பெர்க்லியில் பில் ஜாய் சி-ஷெல்லை எழுதிய பிறகு இந்த ஏற்பாடு தடுமாறியது. இரண்டு ஷெல்களின் இலக்கணமும் வேறு. ஒன்றுக்கு எழுதியதை மற்றதிடம் கொடுத்தால் பிழை. கோப்பின் முதல் எழுத்து # என்றிருந்தால் என்னுடையது, இல்லாவிட்டால் பழைய ஷெல்லுடையது என்று சி-ஷெல் பிரித்துப் பார்த்தது. அது வெறும் ஊகம்தான். மூன்றாவதாக ஒரு மொழி வந்தால் அதற்கு அந்த ஊகத்தில் இடமே இல்லை.

இதற்கு முடிவு கட்டியவர் பெல் ஆய்வகத்தின் டென்னிஸ் ரிச்சி. கோப்பு #! என்று தொடங்கினால், அந்த வரியில் மீதி இருப்பது இன்டர்பிரட்டரின் பெயர் எனக் கெர்னலே எடுத்துக்கொள்ளும்படி மாற்றியதாக 1980 ஜனவரி 10 தேதியிட்ட மின்னஞ்சலில் அவர் எழுதினார். நன்மைகளையும் அடுக்கினார்: இனி ஸ்கிரிப்ட்டும் முழு நிரல் போலவே இயங்கும், ஓடிக்கொண்டிருப்பவற்றின் பட்டியலில் ஷெல்லின் பெயருக்குப் பதில் அதன் சொந்தப் பெயரே தெரியும், வேறு இன்டர்பிரட்டர்களும் எளிதாகப் பொருந்தும். பெர்லும் பைத்தானும் பிறப்பதற்கு முன்பே அவற்றுக்கும் வழி திறந்துவிட்டது. பல ஸ்கிரிப்ட் மொழிகளில் # குறிப்புரையின் அடையாளம் என்பதால், இன்டர்பிரட்டர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். இரண்டே எழுத்துகளில் இவ்வளவு வேலை நடக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

முகவரி என்றால் துல்லியமாக இருக்க வேண்டும், அங்கேதான் தொல்லையும். விண்டோஸில் எழுதிய கோப்பை லினக்ஸில் ஓட்டினால், கண்ணெதிரே இருக்கும் பைத்தானை 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று டெர்மினல் சொல்லும். விண்டோஸ் வரிமுடிவில் சேர்க்கும் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்று இன்டர்பிரட்டரின் பெயரோடு ஒட்டிக்கொள்வதே காரணம். விஎஸ் கோட் எடிட்டரின் கீழ்ப்பட்டையில் சிஆர்எல்எஃப் என்றிருப்பதை எல்எஃப் ஆக்கிச் சேமித்தால் சரியாகிவிடும்.

பைத்தான் ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு இடத்தில் இருப்பதால், முழுப் பாதையை எழுதாமல் என்வ் என்ற சிறு நிரலை அழைப்பது வழக்கமானது. நிரல்களைத் தேட வேண்டிய கோப்புறைகளின் பட்டியலான பாத்தில் முதலில் அகப்படும் பைத்தானை அது ஓட்டும். 2012-ல் பைத்தான் 3.3, ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித் தொகுதிகளை வைத்துக்கொள்ள உதவும் மெய்நிகர் சூழலைத் தன்னோடு கொண்டுவந்தது. சூழலை இயக்கினால் அதன் கோப்புறை பாத்தில் முன்னால் வந்து நிற்கும். ஆனால் எடிட்டரின் ஓட்டும் பொத்தான் இந்த முதல் வரியைப் பார்ப்பதில்லை. விஎஸ் கோடின் பைத்தான் நீட்டிப்பு, பட்டியலில் நாம் தேர்ந்த இன்டர்பிரட்டரைத்தான் அழைக்கும். அதனால்தான் டெர்மினலில் ஓடும் ஸ்கிரிப்ட், பொத்தானை அழுத்தினால் 'தொகுதி இல்லை' என்று நின்றுவிடுகிறது. தேர்வை மாற்றச் சில நொடி போதும். ஆனால் அந்தத் தேர்வு கோப்புக்குள் எழுதப்படுவதில்லை. கோப்பை மட்டும் நண்பருக்கு அனுப்பினால் அது கூடப் போகாது. ரிச்சி கோப்பிடம் ஒப்படைத்த பொறுப்பை நாம் மீண்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டோம் என்றே நினைக்கிறேன்.

பைத்தான் சமூகத்தில் 2023-ல் முன்மொழியப்பட்ட பெப் 723 அந்தப் பொறுப்பைக் கோப்புக்கே திருப்பித் தருகிறது. தேவையான பைத்தான் பதிப்பையும் தொகுதிகளையும் கோப்பிலேயே ஒரு குறிப்புரைத் தொகுப்பாக எழுதிவிடலாம். யூவி போன்ற கருவிகள் அதைப் படித்து, வேண்டிய சூழலைத் தாமே அமைத்து ஓட்டுகின்றன. அந்த யூவியைப் பலரும் கோப்பின் முதல் வரியில் #! போட்டுத்தான் அழைக்கிறார்கள்.