உயிர் பிழைத்தலும் வாழ்தலும்: பிறவிக் குடற்குறைபாட்டுச் சத்திரசிகிச்சையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட குழந்தை பின்னர் எவ்வாறு வளர்ந்தது, பாடசாலை சென்றதா, சக மாணவரின் ஏளனத்திற்கு ஆளானதா என்னும் வினாக்கள் அதில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. பிறவிக் குடற்குறைபாடுகளின் வரலாற்றை இவ்வினாக்களின் வழிநின்று நோக்குவதும், கண்டியை அடுத்த கலகெதர போன்றதொரு பிரதேசத்தில் அவை பெறும் பொருளை ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டென்மார்க்கைச் சேர்ந்த குழந்தை வைத்தியர் ஹரால்ட் ஹேர்ஷ்ஸ்பிரங், பெருங்குடல் பெரிதும் வீங்கி இறந்த இரு குழந்தைகளைப் பற்றி 1886இல் பேர்ளினில் எடுத்துரைத்தார். வீங்கிய குடற்பகுதியே நோயுற்றது என அவரும் அவர் பின்வந்தோரும் கருதினர். உண்மை இதற்கு மாறானது. குடலின் கீழ்ப்பகுதிச் சுவரில் நரம்புக்கலத் திரள்கள் பிறவியிலேயே இல்லாமையால் அப்பகுதி தளராது சுருங்கியே நின்று மலத்தை முன்செலுத்த இயலாது போகின்றது. மேலுள்ள நலமான பகுதி சுமை தாங்காது வீங்குகின்றது. பொஸ்ரன் நகரில் ஓவர் சுவென்சனும் அலெக்சாந்தர் பில்லும் 1948இல் வெளியிட்ட சத்திரசிகிச்சை முறை இவ்வுணர்விலிருந்தே பிறந்தது. நரம்பற்ற பகுதியை அகற்றி, நலமான குடலைக் கீழிழுத்துப் பொருத்துவதே அம்முறையாகும். கண்ணுக்குப் புலனாகும் வீக்கத்திலிருந்து காரணத்தைப் பிரித்தறிய அறுபதாண்டுகளுக்கு மேல் சென்றமை ஈண்டுக் கருதத்தக்கது.

மலவாயில் திறவாது பிறத்தல் இதனினும் பழைமையாக அறியப்பட்ட குறைபாடாகும். ஏழாம் நூற்றாண்டுக் கிரேக்க வைத்தியர் ஈஜினாவின் பவுல் இதற்குரிய சிகிச்சையை விவரித்துள்ளார். எனினும், உள்ளிருக்கும் தசைகளை நேரிற் கண்டு சீரமைக்கும் முறை 1982இல் பேனா, டி விறீஸ் ஆகியோரின் கட்டுரைகள் வாயிலாகவே பரவலாயிற்று.

இவற்றின் பயனாக, முன்னர் இறந்திருக்கக்கூடிய குழந்தைகள் பெருந்தொகையாக உயிர் பிழைத்தனர். ஆயின் உயிர் பிழைத்தல் வேறு, நலமுற வாழ்தல் வேறு. சத்திரசிகிச்சையின் பின்னரும் சிலருக்கு மலச்சிக்கல் நீடிக்கின்றது. சிலருக்கு மலக்கசிவு ஏற்படுகின்றது. ஹேர்ஷ்ஸ்பிரங் நோயினருக்குக் குடலழற்சி உயிராபத்தாகவும் அமையலாம். சுவென்சன் முறையில் நிகழ்ந்த 880 சத்திரசிகிச்சைகளை நாற்பதாண்டுக் காலப்பரப்பில் ஆராய்ந்து 1989இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு, மலக் கட்டுப்பாடு வயதோடு மேம்படும் போக்கினைக் காட்டியது. மலவாயிற் குறைபாட்டினருள் தசையும் நரம்பும் குன்றியோருக்கோ, நாள்தோறும் குடலைக் கழுவும் ஒழுங்கு பல்லாண்டுகள் வேண்டப்படுகின்றது. ஆகவே, சிகிச்சையின் பெரும்பகுதி வைத்தியசாலைக்கு வெளியே, வீட்டிலேயே நிகழ்கின்றது எனலாம்.

இலங்கையின் வரலாறு இதற்கு இன்னொரு பரிமாணத்தை அளிக்கின்றது. 1946இல் இந்நாட்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 141 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவுமுறை, மருத்துவமாதர் சேவை, 1951இலிருந்து நடைமுறைக்கு வந்த இலவச வைத்தியம், கல்விப் பரம்பல் ஆகியன இத்தொகையைக் காலப்போக்கில் பத்துக்கும் கீழே தாழ்த்தின. தொற்றுநோய் மரணங்கள் குறையவே, சிசு மரணத்தின் காரணங்களுள் பிறவிக் குறைபாடுகள் முதன்மை பெற்றன. ஆயின் இவ்வளர்ச்சி எல்லார்க்கும் ஒருசேரக் கிட்டவில்லை. 1872ஆம் ஆண்டுச் சட்டம் முதலாகத் தோட்ட வைத்தியம் தனியொரு ஏற்பாடாகவே இயங்கியது; 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தொழிலாளரை அரசியல் வலுவற்றோராக்கியது. 1970களின் உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் தோட்டங்களின் சிசு மரணவீதம் நாட்டுச் சராசரியின் இருமடங்கையும் விஞ்சியது.

கலகெதர, கட்டுகஸ்தோட்டையிலிருந்து குருநாகல் செல்லும் பாதையில் உள்ளது. கண்டி இராச்சியத்தின் இக்காவலரணை 1803இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். அயலிலுள்ள மடிகே என்னும் ஊரின் பெயர், கண்டி மன்னர் காலத்தில் பொதிமாடுகளைக் கொண்டு போக்குவரத்து நடத்திய பகுதியை நினைவூட்டுகின்றது. தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் அங்கு வாழ்கின்றனர். படைகளும் பொதிமாடுகளும் சென்ற பாதையிலேயே இன்று தாய்மார் குழந்தையை ஏந்திக் கண்டிக்கும், பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலைக்கும் செல்கின்றனர். சிகிச்சை இலவசமே, எனினும் பேருந்துக் கட்டணமும், இழக்கப்படும் நாட்கூலியும் இலவசமல்ல. பிறந்து 48 மணித்தியாலத்துள் முதல் மலம் கழியாமை எச்சரிக்கை அறிகுறி என்பதும், வயிறு வீங்கிக் காய்ச்சல் கண்டால் உடனே திரும்பிவர வேண்டும் என்பதும் தாயின் மொழியில் அவளுக்கு எட்டுதல் வேண்டும். 1987இல் தமிழ் ஆட்சிமொழித் தகுதி பெற்றமையின் பயனை இத்தகைய இடத்திலேயே நாம் அளந்தறிதல் தகும்.

குடலைக் கழுவத் தூய நீர் வேண்டும். தனித்த மலசலகூடம் வேண்டும். பலர் பகிரும் மலசலகூடமுடைய லயன் வரிசையிலோ, நீரற்ற பாடசாலையிலோ, திறம்படச் செய்த சத்திரசிகிச்சையும் பயன் குன்றும். பருவமெய்தும் பெண்பிள்ளைக்கு இச்சுமை இருமடங்காகும். கசிவு காரணமாகப் பாடசாலையை விட்டு நின்ற பிள்ளையைச் சோம்பேறி என்றும், தாயைக் கவனமற்றவள் என்றும் பழித்தல், வீங்கிய குடலையே நோய் எனக் கொண்ட பழைய தவற்றை ஒத்ததே. காரணம் வேறிடத்தில் உள்ளது.

எனவே, இச்சத்திரசிகிச்சைகளின் வெற்றியைக் கணிக்கும் ஆய்வுகள் உயிர் தப்பியோர் தொகையுடன் நின்றுவிடலாகாது. இருபதாண்டுகளின் பின் அப்பிள்ளை கற்றதா, தொழில் பெற்றதா, கூச்சமின்றிப் பிறரோடு அமர்ந்ததா என்பவற்றையும் அவை கணக்கிலெடுத்தல் வேண்டும். வைத்தியர் தொடங்கிய பணியை நீரும், மொழியும், பாதையும், பாடசாலையுமே நிறைவு செய்கின்றன. அவற்றை எல்லார்க்கும் உரியனவாக்குதல் சமுதாயத்தின் கடமையாகும்.