பிளாவிலிருந்து போத்தலுக்கு: வடக்கின் பனங்கள்ளு

மேற்கு நாடுகளில் சிறு பட்டறைகளில் தயாராகும் பியருக்கும் அப்பிள் சைடருக்கும் இன்று தனிச் சந்தை இருக்கிறது. எந்த ஊர்த் தோட்டத்துப் பழம், யார் தயாரித்தது என்று கேட்டு, கூடிய விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதே வகையான பானம் ஒன்று எமது மண்ணில் தலைமுறைகளாக உண்டு. ஆனால், அதை இறக்குபவரை நாம் அந்த மதிப்போடு பார்த்ததில்லை. வடமராட்சியில் பிறந்து வளர்ந்த நான் பனங்கள்ளைப் பற்றி எழுத முற்படுவது அதனால்தான்.

கள்ளு எந்த வகை?

பியர் தானியத்திலிருந்து வருகிறது. பார்லியை முளைக்க வைத்து, அதன் மாச்சத்தைச் சீனியாக மாற்றிய பின்னரே நொதிக்க வைக்கலாம். சைடருக்கு அந்த வேலை இல்லை. அப்பிள் சாற்றிலேயே சீனி இருக்கிறது. கள்ளும் சைடரின் பக்கத்தைச் சேர்ந்ததே. பனம்பாளையில் வடியும் சாற்றில் ஏறத்தாழ 10 முதல் 15 வீதம் சீனி உண்டு.

முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் சாறு நொதிக்காது. அது கருப்பநீர். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு பூசாவிட்டால், காற்றிலும் முட்டியிலும் உள்ள இயற்கை மதுவங்கள் மரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். இறக்கும்போதே அது கள்ளு. மதுசாரம் ஏறத்தாழ 5 வீதம், பியரின் அளவு. ஒரு நாள் கடந்தால் புளிப்பு ஏறும். அப்படியே விட்டால் வினாகிரியாகிவிடும். பிளாவில் வார்த்து அன்றன்றே குடித்து முடிக்கும் பானமாக அது இருந்ததற்குக் காரணம் இதுவே.

ஏறுபவர்கள்

ஆண் பனையிலும் பெண் பனையிலும் கள்ளு இறக்கலாம். பாளையை இடுக்கிப் பதப்படுத்தி, காலையும் மாலையும் ஏறி, பாளைக் கத்தியால் மெல்லிதாகச் சீவிவர வேண்டும். ஒரு நாள் தவறினாலும் ஊறல் குறையும். இவ்வளவு நுட்பமான தொழிலைச் செய்தவர்களைச் சாதியின் பெயரால் எமது சமூகம் ஒதுக்கியே வைத்திருந்தது. 1970களின் தொடக்கத்தில் உருவான பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள், தவறணைகளைக் குத்தகைக்காரரின் கையிலிருந்து தொழிலாளரின் கைக்குக் கொண்டுவந்தன. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. மிஞ்சும் கள்ளைச் சாராயமாக வடிக்கத் திக்கம் வடிசாலை வந்தது.

பின்னர் போர். பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் தறிக்கப்பட்டன. ஷெல் வீச்சில் தலையிழந்த பனைகளை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். உயர் பாதுகாப்பு வலயங்களிலும் கண்ணிவெடி நிலங்களிலும் நின்ற மரங்களை ஆண்டுக்கணக்கில் எவரும் அணுக முடியவில்லை. ஒரு பனை பாளை தள்ளப் பதினைந்து ஆண்டுகள் வரை, சிலவேளை அதற்கு மேலும் செல்லும். 2009இல் நட்ட பனங்கொட்டை இப்போதுதான் அந்த வயதை அடைகிறது. ஆனால் அதில் ஏறுவதற்கு ஆள் இருக்கிறாரா? நான் காணும் சீவல் தொழிலாளரில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். தங்கள் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வருவதை அவர்கள் விரும்புவதில்லை.

போத்தல் தரும் வாய்ப்பு

பருவம் மாசியளவில் தொடங்கி ஆவணியளவில் ஓய்கிறது. அந்த மாதங்களில் கள்ளு மிஞ்சும், விலை விழும். வடிகட்டிப் போத்தலில் அடைத்து, அளவான சூட்டில் மதுவங்களைக் கொன்றால் அது மாதக்கணக்கில் கெடாது. மரத்தடிக் கள்ளின் துடிப்புச் சற்றுக் குறையும் என்பது உண்மை. ஆனாலும் கொழும்புக்கும் புலம்பெயர் நாடுகளுக்கும் அனுப்ப வேறு வழியில்லை.

குடியால் சிதைந்த வீடுகள் போருக்குப் பின்னரும் எம்மிடையே உள்ளன. அந்தச் சுமையைப் பெரும்பாலும் பெண்களே சுமக்கிறார்கள். கள்ளுக் குடியுங்கள் என்று நான் எவருக்கும் சொல்லவில்லை. ஆனால் தவறணை மூடிய ஊரில் கசிப்பும் போத்தல் சாராயமும் அந்த இடத்தைப் பிடித்தால், குடி குறையாது. தொழிலாளியின் வருமானம் மட்டுமே போகும்.

ஆகவே, போத்தல் கள்ளு பற்றிப் பேசும் எவரிடமும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒரு போத்தலின் விலையில் ஏறியவருக்கு எவ்வளவு? அவர் மரத்திலிருந்து விழுந்தால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? பனை தறிக்க அனுமதி வேண்டும் என்ற சட்டம் ஒருபுறமிருக்க, போன மரங்களுக்கு ஈடாக நட்டவை எத்தனை? இவற்றுக்குப் பதில் இல்லாத திட்டத்தில் போத்தலின் பெயர்ச்சீட்டு மட்டும்தான் எங்களுடையதாக இருக்கும்.