சராசரி விழுங்கிய 40 விநாடி

போன வாரம் ஆபீஸில் ஒரு லினக்ஸ் சர்வரில் ப்ரோமீதியஸ் நிறுவினேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. லாகின் வசதி இல்லாத ஒரு யூசர், டார் கோப்பைப் பிரித்து உரிய இடத்தில் போடுவது, சிஸ்டம்டிக்கு ஒரு சின்ன யூனிட் கோப்பு, 9100ஆம் போர்ட்டில் நோட் எக்ஸ்போர்ட்டர். பிரவுசரில் 9090ஐத் திறந்தால் கோடுகள் ஓட ஆரம்பித்துவிடும். ஆனால் ஓர் இடத்தில் மட்டும் கை நின்றுவிட்டது. பழைய தகவலை எத்தனை நாள் வைத்திருப்பது? நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது 15 நாள் வைத்திருக்கும்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. (டெக்னிக்கல் சமாச்சாரம் என்றாலே அலர்ஜி என்பவர்கள் இப்போதே எஸ்கேப் ஆகிவிடலாம்.)

1994. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து டி மோன்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்கு வெளியுலகத் தொடர்பு ஒரே ஒரு 64 கிலோபிட் லைன்தான். இன்னும் ஒரு வருஷத்துக்கு வேறு லைன் கிடைக்காது. சரி, லைன் எவ்வளவு நெரிசலாக இருக்கிறது என்றாவது எல்லோருக்கும் காட்டுவோம் என்று டோபியாஸ் ஓட்டிக்கர் பெர்லில் ஒரு நிரல் எழுதினார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரவுட்டரிடம் "எத்தனை பைட் போச்சு?" என்று கேட்டு, படம் வரைந்து, வெப் பக்கத்தில் போடும். அதுதான் எம்ஆர்டிஜி. 1995ல் வெளியே வந்தது. அதைப் பார்த்த டேவ் ராண்ட், நேரம் தின்ற பகுதிகளை சி மொழியில் எழுதிக் கொடுத்தார். அதன்பின் நெட்வொர்க் ஆசாமிகள் பலருக்கு பச்சைப் பரப்பும் நீலக் கோடுமாக அந்தப் படத்தில்தான் பொழுது விடிந்தது.

அன்று டிஸ்க் விலை தெரியுமல்லவா? எல்லாவற்றையும் சேர்த்து வைக்க முடியாது. அதனால் எம்ஆர்டிஜி ஓர் ஏற்பாடு செய்தது. ஐந்து நிமிஷக் கணக்கு சுமார் இரண்டு நாளைக்கு. பிறகு அரை மணி நேரச் சராசரியாக இரண்டு வாரம், இரண்டு மணி நேரச் சராசரியாக இரண்டு மாதம், ஒரு நாள் சராசரியாக இரண்டு வருஷம். 1999ல் ஓட்டிக்கரே ஆர்ஆர்டிடூலை வெளியிட்டபோது இதே யோசனை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும் பொதுக் கருவியானது. கோப்பு உருவாகும்போது என்ன அளவோ, கடைசிவரை அதே அளவு. வட்டமாகச் சுற்றி வந்து பழையதன் மேலேயே எழுதும். டிஸ்க் நிரம்பிப் போய் நடுராத்திரி போன் வராது. அருமையான யோசனை என்று இன்றும் சொல்வேன்.

ஆனால் மறதிக்கு ஒரு விலை உண்டு.

பல வருஷம் முன்பு, புனேயில் நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் பில்லிங் சர்வர் திடீர் திடீரென்று 40 விநாடி மூச்சடைத்து நிற்கும். புதிதாகச் சேர்ந்த ஒரு பையனின் பேக்கப் ஸ்கிரிப்ட்தான் காரணம் என்று பழி வந்தது. "நான் வர்றதுக்கு முன்னாடியே இது இருந்தது சார்" என்றான். ஒன்றரை மாதம் முந்தைய கிராஃபைத் திறந்தோம். இஸ்திரி போட்ட மாதிரி நேர்கோடு. விஷயம் முடிந்தது. பையனை வேறு டீமுக்கு மாற்றிவிட்டார்கள். நானும்தான் கிராஃபை நம்பினேன்.

கணக்கை நான் அப்போதே போட்டிருக்க வேண்டும். சாதாரணமாக 10 சதவீதம் ஓடும் சிபியு 40 விநாடி 100ஐத் தொட்டால், ஐந்து நிமிஷச் சராசரி 22. இரண்டு மணி நேரச் சராசரி 10.5. அவன் சொன்ன சாட்சி அந்த அரை சதவீதத்துக்குள் புதைந்து கிடந்தது. ஆர்ஆர்டிடூலில் சராசரியோடு உச்ச அளவையும் தனியாகச் சேர்த்து வைக்க வழி இருக்கிறது. நாங்கள் வைக்கவில்லை, அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்து வேறு எதையோ தேடும்போது பழைய லாக் ஒன்றில் அதே 40 விநாடி இடைவெளிகளைப் பார்த்தேன், அவன் சேர்வதற்கு முந்தைய தேதிகளில். மன்னிப்புக் கேட்டு மெயில் போட்டேன். "பரவாயில்லை சார்" என்று ஒரு வரி பதில் வந்தது.

அதற்கப்புறம் ஆர்பிட்ஸில் பிறந்த கிராஃபைட் 2008ல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. 2012ல் சவுண்ட்கிளவுடில் ப்ரோமீதியஸ் தொடங்கியது. என் பார்வையில் பெரிய திருப்பம் 2015ல் ஃபேஸ்புக்கின் கொரில்லா கட்டுரை. அடுத்தடுத்த அளவுகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் வித்தியாசத்தை மட்டும் எழுதினால் போதும். 16 பைட் பிடிக்கும் ஒரு புள்ளி சராசரியாக 1.37 பைட்டில் அடங்கிவிடும் என்று காட்டினார்கள். ப்ரோமீதியஸும் அந்த வழியைத்தான் எடுத்துக்கொண்டது. மறக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் போய்விட்டது.

நான் 400 நாள் என்று எழுதினேன். பக்கத்தில் இருந்த மராட்டிப் பையன் "எதுக்கு சார் இவ்வளவு?" என்று ஹிந்தியில் கேட்டான். 22, 10.5 கதையைச் சொன்னேன். ஆயிரம் அளவுகள், 15 விநாடிக்கு ஒரு தடவை, புள்ளிக்கு இரண்டு பைட் என்று காகிதத்தில் பெருக்கிப் பார்த்தான். ஐந்து ஜிபிகூட வரவில்லை.

"டிஸ்க்ல இடம் இருக்கு சார்" என்றான்.