அலுமினியக் கலப்புத் தகட்டுக் கூரை

இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாலிஎதிலீன் அல்லது கனிமப் பொடி கலந்த உட்பகுதியை ஒட்டிச் செய்யப்படும் பலகைகளால் வேயும் கூரை. பலகையின் மொத்தத் தடிமன் பெரும்பாலும் 3 முதல் 6 மி.மீ. வரை. முதலில் கட்டட முகப்புகளுக்காகவே உருவான இப்பொருள், மலேசியாவில் வீட்டு முன்புறக் கார் நிறுத்தக் கூரையாகப் பரவலாகப் பயன்படுகிறது. எடை குறைவு, துருப் பிடிக்காது, வெறுந்தகட்டை விட மழையோசையும் குறைவு.

வெப்பமண்டல வீட்டுக்கு இதைத் தேர்பவர் முதலில் கேட்க வேண்டியது உட்பகுதி எதனால் ஆனது என்பதே. பாலிஎதிலீன் எளிதில் தீப்பற்றும். லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14இல் தீ வேகமாகப் பரவி 72 பேர் இறந்ததற்கு இவ்வகை உறைப்பலகைகளே முதன்மைக் காரணம். விலை கூடினாலும், தீத்தடுப்புக் கனிம உட்பகுதியையே வாங்க வேண்டும். இதில் சிக்கனம் கூடாது.

இப்பலகை வெயிலைத் தானே தடுத்துவிடும் என்று நம்புவதும் தவறு. 4 மி.மீ. பிளாஸ்டிக் வெப்பத்தைப் பெரிதாக மறிக்காது. வெளிர்நிறப் பூச்சும், அடியில் காற்றிடைவெளியும், கண்ணாடிக் கம்பளி போன்ற காப்பு அடுக்குமே அறையைக் குளிர்விக்கும். வெயிலில் நிறம் மங்காதிருக்கப் பி.வி.டி.எஃப். பூச்சு ஏற்றது.

ஒழுகல் பெரும்பாலும் இணைப்புகளில்தான் தொடங்கும். 50 பாகை செல்சியஸ் வெப்பநிலை வேறுபாட்டில் ஒரு மீட்டர் பலகை 1 மி.மீ.க்குச் சற்று மேல் நீளும். அதற்கு இடம் விடாவிட்டால் இணைப்பை அடைக்கும் சிலிக்கோன் பிளக்கும். நீர் தேங்காத சரிவு கட்டாயம். கடலோரத்தில் துருப்பிடிக்கா எஃகுத் திருகாணிகளை, அலுமினியத்தைத் தொடாதபடி வளையமிட்டுப் பொருத்துவது நல்லது.