ஜாபிதாவில் இல்லாத வர்ணம்

கறுப்பாக இருக்கும் பட்சத்தில் எந்த வர்ணம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஹென்றி ஃபோர்டு சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. மோட்டார் கார் சமாசாரமே தெரியாதவர்கள்கூட அதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால், 1908-ல் அறிமுகமான அவருடைய 'மாடல் டி' கார் ஆரம்பத்தில் சிவப்பிலும் பச்சையிலும் சாம்பல் நிறத்திலும் கிடைத்தது என்பது பலருக்குத் தெரியாது. 1914 முதல் 1925 வரை நடந்ததுதான் கறுப்பு ராஜ்யம். ஒரே வர்ணம் என்றால் தொழிற்சாலைக்கு வேலை சுலபம். வாங்குகிறவனும், விலை மலிவாக இருக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டு வாங்கினான்.

அந்த வாயைத் திறந்துவிட்டது ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி. அதுவரை ஒரு காருக்கு வர்ணம் பூசி உலர்த்த வாரக் கணக்கில் ஆகும். டூபாண்ட் கம்பெனியார் தயாரித்த 'டூகோ' என்ற புதிய பூச்சு மணிக் கணக்கில் உலர்ந்தது. 1924-ம் வருஷத்து ஓக்லண்டு கார் அந்தப் பூச்சில் நீலமாகப் பளபளத்துக்கொண்டு வந்தது. 1927-ல் வர்ணத்துக்கும் உருவ அழகுக்கும் என்றே ஹார்லி ஏர்ல் என்பவர் தலைமையில் ஓர் இலாகாவையும் ஏற்படுத்தினார்கள். கார் ஓடினால் போதும் என்ற காலம் அதோடு போயிற்று.

இனி நாற்பது வருஷத்தை ஒரே தாவாகத் தாண்டிவிடுவோம். 1964-ல் பாண்டியாக் ஜி.டி.ஓ. என்ற கார் வந்தது. நடுத்தர உடம்பு, அதற்குள் பெரிய காருக்கு உரிய யந்திரம். இந்த ரகத்துக்கு அமெரிக்கர்கள் 'மஸில் கார்' என்று பெயர் சூட்டினார்கள். புஜபலக் கார் என்று நாம் சொல்லலாம். வாங்கியவர்களில் வாலிபர்கள் அதிகம். வாலிபனுக்கு வேகம் மட்டும் போதுமா? தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டாமா?

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் கிரைஸ்லர் கம்பெனியார். கண்ணைப் பறிக்கும் வர்ணங்களைத் தயாரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேடிக்கைப் பெயரும் வைத்தார்கள். 1970-ம் வருஷத்து ஊதா நிறத்துக்கு டாட்ஜ் கார்களில் 'ப்ளம் க்ரேஸி' என்று பெயர். ப்ளம் என்பது பழம். ஆனால் காதில் விழும்போது 'சுத்தப் பைத்தியம்' என்றும் அர்த்தமாகும். அதே ஊதா, உடன்பிறந்த பிளிமத் கார்களுக்குப் போனபோது 'இன்-வயலட்' ஆகிவிட்டது. களங்கப்படாதது என்று அதற்குச் சிலேடை. ஓர் ஆரஞ்சு வர்ணத்துக்கு 'கோ மேங்கோ' என்று பெயர். நம் பக்கத்து மாங்காய்தான் போர்த்துகீசியர் வாய் வழியாகப் போய் 'மேங்கோ' ஆயிற்று என்பார்கள். அப்படியானால் டெட்ராயிட் தொழிற்சாலையில் நம் ஊர்த் தோப்பின் வாசனையும் கொஞ்சம் வீசியிருக்கிறது! இந்த வர்ணங்களுக்கு விலைக்கு மேல் 14 டாலர் சொச்சம் கொடுக்க வேண்டும். அந்தக் கம்பெனியின் 'ஹெமி' யந்திரத்துக்கு 800 டாலருக்கு மேல் ஆயிற்று. ஆகவே, பைத்தியம் என்ற பட்டத்தை மலிவாகவே விற்றார்கள் என்று சொல்ல வேண்டும்.

இவ்வளவு வர்ணங்கள் ஜாபிதாவில் இருந்தும் சிலருக்குத் திருப்தி ஏற்படவில்லை. போன வருஷத்து வர்ணம் வேண்டும் என்றார்கள்; வேறு கம்பெனிக் காரின் வர்ணம் வேண்டும் என்றார்கள். அதற்கும் வழி இருந்தது. விற்பனையாளரிடம் எழுதிக் கொடுத்து, அதிகப் பணமும் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வரிசையாக நூற்றுக் கணக்கில் கார்கள் நகரும் இடத்தில், இந்த ஒரு காருக்காகக் குழாயைக் காலி செய்து, கழுவி, வேறு வர்ணத்தை நிரப்ப வேண்டும். தொழிற்சாலை நிர்வாகிக்கு இதைவிடப் பெரிய தலைவலி வேறு இருக்க முடியாது.

உண்மையில் இந்த வழி வாலிபர்களின் ஆசைக்காக ஏற்பட்டதல்ல. டாக்ஸிக் கம்பெனி, போலீஸ் இலாகா, டெலிபோன் கம்பெனி போன்றவர்கள் தங்களுக்கென்று உரிய நிறத்தில் மொத்தமாக வண்டிகள் கேட்பார்கள். அவர்களுக்காகத் திறந்து வைத்த கதவு அது. ஷெவ்ரலே கம்பெனியில் இதற்கு 'கோப்போ' என்று பெயர். மத்தியக் காரியாலய உற்பத்தி உத்தரவு என்பதன் சுருக்கம். கதவு என்று ஒன்று இருந்தால் அதில் யார்தான் நுழையமாட்டார்கள்? 1969-ல் அந்தக் கதவு வழியாகவே கமாரோ காருக்குள் 427 கன அங்குல அலுமினிய யந்திரம் நுழைந்துவிட்டது. அவ்வளவு பெரிய யந்திரத்தை அந்தக் காரில் வைக்கக் கூடாது என்பது கம்பெனியின் சொந்தச் சட்டம்! ஆக மொத்தம் 69 கார்கள் அப்படி வெளிவந்தன.

புஜபலத்தின் ஆயுள் குறைவாகவே இருந்தது. இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறிற்று; 1970-ல் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது; 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. கார்கள் கை மாறின. இரண்டாவது சொந்தக்காரர்களில் பலர் அந்தப் பைத்திய வர்ணங்களைப் பார்த்துக் கூச்சப்பட்டு, மேலே மரியாதையான வர்ணத்தைப் பூசி மறைத்தார்கள்.

மறைத்ததற்குத்தான் இப்போது விலை. 2014-ல் சியாட்டில் நகரத்து ஏலத்தில் 1971-ம் வருஷத்து 'ஹெமி குடா' திறந்த கார் ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போயிற்று. அதன் நீலம் ஜாபிதாவில் இருந்த நீலந்தான். ஆனால் விலை இப்படிப் போகிற சந்தையில், ஒரு கார் பிறந்தபோது எந்த நிறம் என்ற கேள்வி சாதாரணக் கேள்வியாக இருக்க முடியாது. கார் ஜாதகம் பார்க்கிற நிபுணர்கள் தோன்றிவிட்டார்கள். ஜாதகம் என்று நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. கார் உருவாகும்போது கூடவே வந்த உத்தரவுக் காகிதம், ஆசனத்தின் சுருள் கம்பிகளுக்கிடையே ஐம்பது வருஷம் கிடந்து, எலி கடித்தது போக மிச்சம் அகப்படுவது உண்டு. அகப்பட்டவன் அதிர்ஷ்டசாலி. அகப்படாதவன் கிரைஸ்லர் காராக இருந்தால் யந்திரத்துக்குப் பக்கத்திலுள்ள சிறு தகட்டைப் பார்ப்பான். திருகாணியில் நிற்கும் தகடு. கழற்றுவதும் சுலபம், பொய்யாக ஒன்று செய்து மாட்டுவதும் சுலபம். மாட்டியும் இருக்கிறார்கள். பழைய மனிதன் ஒருவனுடைய ஆசையைத் திருடித் தன் காருக்குச் சூட்டுகிற இந்தத் திருட்டு, கதை எழுதுகிறவனான எனக்கு மற்றத் திருட்டுகளைவிட விசித்திரமாகப் படுகிறது.

அந்தத் தகடும் முழுதும் பேசுவதில்லை. ஜாபிதா வர்ணமானால் அதற்குரிய குறி இருக்கும். ஜாபிதாவில் இல்லாததானால் வெறும் 999 என்ற எண். ஃபோர்டு கம்பெனியார் இன்னும் அழுத்தமானவர்கள். கதவிலுள்ள தகட்டில் வர்ணக் குறி இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாகவே விட்டுவிடுவார்கள். யாரோ ஒருவன் அதிகமாக ஒன்றைக் கேட்டான் என்ற வரைக்கும் தெரிகிறது. கேட்டவன் பெயரும் அதில் இல்லை, கேட்ட நிறமும் இல்லை. அதனால் 999 என்ற தகடுள்ள காரை வாங்கியவர்கள் முதலில் திருகாணியைக் கழற்றித் தகட்டைத் தூக்கிப் பார்க்கிறார்கள். பிறகு பூதக்கண்ணாடியும் மெல்லிய உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு, கதவிடுக்கில் காலணா அகலத்துக்கு மேல் வர்ணத்தைத் தேய்க்கிறார்கள். சிவப்பு போகிறது, அதன் கீழே கறுப்பு போகிறது, அதற்கும் கீழே இன்னொன்று தெரிய ஆரம்பிக்கிறது.