பிரிச்சு மேஞ்ச கூரையும் பிரிக்கத் தெரியாத கூரையும்

"இன்னிக்கு மேட்ச்ல பிரிச்சு மேஞ்சுட்டான்"னு நீங்க சொல்லியிருப்பீங்க. எங்க டெல்டா பக்கம் வயசானவங்க காதுல அந்த வார்த்தை விழுந்தா மட்டை ஞாபகம் வராது, வீட்டுக் கூரைதான் ஞாபகம் வரும். மேய்தல்னா கூரை போடுதல்னும் ஒரு பொருள் இருக்கு. பழசைப் பிரிக்காம புதுசு மேய முடியாது. அதனால ரெண்டு வேலையும் ஒரே பேச்சா ஒட்டிக்கிச்சு.

கூரை போட்ட கதையை நிறைய பேர் எழுதிட்டாங்க. வெயிலுக்காகத் தலைக்கு மேல போட்டதை, கெட்டுப்போன பிறகு எப்படி இறக்கினோம், எங்க கொண்டு போய்ப் போட்டோம்ங்கிற கதையை யாரும் அவ்வளவா எழுதலை. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

முதல்ல கீற்றுக் கூரை. தென்னை மட்டையைக் குளத்துல ஊறப்போட்டு, நடுவுல பிளந்து, பெண்கள் உட்கார்ந்து முடைவாங்க. மூங்கில் வரிச்சு மேல அடுக்கடுக்கா வச்சு கயிறால கட்டுவாங்க. சில வீடுகள்ல அதுக்கு மேல வைக்கோல், வசதி இருந்தா விழல். தடிமனா மேஞ்ச கூரைக்குள்ள காத்து அடைபட்டு நிக்கும். சித்திரை வெயில் மேல்பக்கத்தைச் சுட்டாலும் சூடு உள்ளே இறங்காது. இன்னிக்குக் கட்டட இன்ஜினீயர்கள் வெப்பத்தடுப்புன்னு சொல்றது இதைத்தான்.

ஆனா அதுக்கு ஆயுசு குறைவு. ஒரு வருஷம், மிஞ்சினா ரெண்டு வருஷம். அதுக்குள்ள மழையில ஊறி மக்க ஆரம்பிக்கும். உள்ளே எலி குட்டி போடும். எலியைத் தேடி பாம்பு வரும். பூரான், தேள், கரையான் எல்லாம் குடும்பத்தோட இருக்கும். அடுப்புக்கு நேர் மேல மட்டும் புகை பட்டுப் பட்டுப் பூச்சி அண்டாம கொஞ்ச நாள் கூட நிக்கும், ஆனா கரி சடை சடையாத் தொங்கும்.

அதனால கோடை முடிஞ்சு மழை வர்றதுக்குள்ள பிரிச்சாகணும். தலையில துண்டைச் சுத்திக்கிட்டு ரெண்டு பேர் மேல ஏறுவாங்க. அரிவாளால கயித்தை அறுத்து, மோட்டுலேர்ந்து ஆரம்பிச்சு அடுக்கடுக்காக் கீழே தள்ளுவாங்க. கீழே ஒருத்தர் கம்போட நிப்பார், பாம்புக்கு. நல்லா இருக்குற கீற்று ஒரு பக்கம், அது மாட்டுக் கொட்டகைக்கோ வேலி அடைக்கவோ ஆகும். முறிஞ்சது அடுப்புக்கு. மக்குனதும் கரி படிஞ்சதும் எருக்குழிக்கு. அங்கேருந்து வயலுக்கு. சாயங்காலம் பார்த்தா தெருவுல எறியறதுக்குன்னு ஒண்ணும் மிஞ்சியிருக்காது. ஆணி இல்லை, சிமெண்ட் இல்லை, எல்லாமே முடிச்சு. பிரிக்கணும்னு தெரிஞ்சே கட்டுன கூரை அது.

"அடடா, அந்தக் காலம்"னு நகரத்து நண்பர்கள் ஆரம்பிச்சுடாதீங்க. கீற்றுக் குடிசையில இருந்தவங்க யாரும் குளிர்ச்சிக்காக அங்க இருக்கலை. டெல்டாவுல கூலி விவசாயிங்க குடிசை போட்ட இடமே அவங்களுக்குச் சொந்தமில்லை, பெரும்பாலும் மிராசுதாரோட இடம். போகச் சொன்னா போகணும். அப்படிப்பட்ட மனையில செங்கல் வச்சு ஓடு போட யாருக்குத் துணிச்சல் வரும்? 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில உயிருக்குப் பயந்து ஒரே குடிசைக்குள்ள ஒளிஞ்ச 44 பேரைத் தீ வச்சுக் கொன்னாங்க. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயசானவங்க. டெல்டாவுல கூரையோட வரலாற்றை எழுதுறவன் அந்த ராத்திரியைத் தாண்டிப் போக முடியாது. 1971-ல குடியிருந்த மனையை அவங்களுக்கே சொந்தமாக்குற சட்டம் வந்துச்சு. நிலைச்சு நிக்கிற கூரையைப் பத்தி ஒரு கூலிக் குடும்பம் யோசிக்க முடிஞ்சது அதுக்கு அப்புறம்தான்.

நெருப்புப் பயம் அதோட தீரலை. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநலம் பாதிச்சவங்களைச் சங்கிலியால கட்டி வச்சிருந்த கீற்றுக் கொட்டகை எரிஞ்சு 28 பேர் செத்துப்போனாங்க. 2004 ஜூலை 16, கும்பகோணம். பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரையில தீப்பிடிச்சு 94 குழந்தைகள். அதுக்கப்புறம் பள்ளிகள்ல கீற்றுக் கூரையைப் பிரிக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டுச்சு. அந்த வருஷம் பிரிச்ச கூரைகளை யாரும் திரும்ப மேயலை. நான் பார்த்த இடங்கள்ல எல்லாம் பதிலுக்கு ஏறினது ஷீட்டுதான்.

சிமெண்ட் ஷீட்டுன்னு நாம சொல்ற ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். தமிழ்ல கல்நார். பேரே சொல்லுது, கல்லாவும் இருக்கும், நாராவும் பிரியும். சிமெண்டோட பத்துல ஒரு பங்கு அளவுக்குக் கல்நார் கலந்து மெல்லிசா, வலுவா ஷீட் போடுற முறையை 1900 வாக்குல ஆஸ்திரியாக்காரர் லுத்விக் ஹாட்ஷெக் கண்டுபிடிச்சார். இந்தியாவுல 1934-ல மத்தியப் பிரதேசத்துக் கைமூர்ல ஆலை வந்துச்சு. பின்னால நம்ம போத்தனூர், அரக்கோணம் பக்கமும் வந்துச்சு. தீப்பிடிக்காது, கரையான் அரிக்காது, வருஷா வருஷம் ஆள் தேட வேண்டாம், விலையும் குறைவு. குடிசைக்காரருக்கு வேற என்ன வேணும்? அதை வாங்கினவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

கஷ்டம் சித்திரையில தெரிஞ்சது. மத்தியானம் ஷீட்டுக்குக் கீழே உட்கார முடியாது, கைக்குழந்தை அலறும். அப்போ மக்கள் என்ன பண்ணாங்க தெரியுமா? வேண்டாம்னு இறக்கின கீற்றையே ஷீட்டுக்கு மேல பரப்பினாங்க! கொஞ்சம் காசு இருந்தவங்க உள்பக்கம் தெர்மாகோல் அட்டை கட்டினாங்க. எலிகளுக்கு ஷீட்டுக்கும் அட்டைக்கும் நடுவுல புது வீடு கிடைச்சுது. இன்னிக்குப் பல வீடுகள்ல அந்தத் தெர்மாகோலைப் பிரிச்சா எலிப்புழுக்கையும் மூத்திரமும் தலையில கொட்டும். எலிக்காய்ச்சல் அந்த மூத்திரம் வழியாத்தான் பரவுது. ஆனாலும் அதைக் கழுவிடலாம். மேல இருக்குற ஷீட் அப்படி இல்லை.

கல்நார் தூசி கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி. மூச்சு வழியா நுரையீரலுக்குப் போனா அங்கேயே தங்கிடும். நுரையீரல் இறுகிப்போற நோய், புற்றுநோய், நுரையீரலைச் சுத்தி இருக்குற சவ்வுல வர்ற மீசோதீலியோமா. வர்றதுக்கு 20, 30, 40 வருஷம்கூட ஆகும். அதனால இன்னிக்கு உடைக்கிற பையனுக்கு இன்னிக்கு ஒண்ணும் தெரியாது. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம நாட்டுல 1986-லேயே கல்நார் தோண்ட புதுக் குத்தகை கொடுக்குறதை நிறுத்தினாங்க, ஆனா வெளிநாட்டுலேர்ந்து வாங்கி ஷீட் போடுறது நிக்கலை. 1995-ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புல, கல்நார் தொழிலாளிங்களோட உடல்நலப் பதிவேட்டை வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து 40 வருஷம் வரைக்கும், இல்லைன்னா ஓய்வுக்கு அப்புறம் 15 வருஷம் வரைக்கும் பாதுகாக்கணும்னு சொல்லுச்சு. ஷீட் செஞ்சவருக்கு அப்படி ஒரு பதிவேடு உண்டு. அதே ஷீட்டைச் சுத்தியலால உடைச்சு இறக்குற எங்க ஊர்ப் பையனுக்கு எந்தப் பதிவேடு?

ஒண்ணை நியாயமாச் சொல்லணும். முழுசா, ஆடாம அசையாம இருக்குற ஷீட்டுல ஆபத்து குறைவு, நார் சிமெண்டுக்குள்ள கட்டுண்டு கிடக்கும். பல வருஷ வெயில் மழையில மேல்சிமெண்ட் தேயத் தேய நார் வெளியே வரும். உடைச்சாலோ, அறுத்தாலோ, துளை போட்டாலோ மொத்தமாப் பறக்கும். 2018 நவம்பர் 16-ல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறின ராத்திரி, எங்க பகுதியில தென்னை சாஞ்ச மாதிரியே ஷீட்டும் பறந்து சுக்குநூறாச்சு. விழுந்த தென்னைக்குக் கணக்கு எடுத்தாங்க. ஷீட் துண்டுங்க வாய்க்கால்லயும் வரப்புலயும் கிடந்துச்சு. சேத்துல வண்டி மாட்டாம இருக்கப் பாதையில கொட்டி நிரவினாங்க. அது மேல டிராக்டர் போகப் போக மாவாச்சு. கீற்று மக்கி வயலுக்கு எருவாச்சு. இது எத்தனை வருஷம் போனாலும் மக்காது.

இப்போ இன்னொரு பெரிய பிரிப்பு நடந்துக்கிட்டு இருக்கு. 2010-ல கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011-ல பசுமை வீடுகள், 2024-ல கலைஞரின் கனவு இல்லம். 2030-க்குள்ள 8 லட்சம் வீடு, ஒரு வீட்டுக்கு மூணரை லட்சம் ரூபாய். மனசார வரவேற்கிறேன். ஆனா குடிசைகூட ஒட்டிக்கிட்டு இருந்த ஷீட் தாழ்வாரம், சமையல் கொட்டகை எல்லாம் சேர்ந்துதான் இடியுது. எங்க ஊர்ப்பக்கம் அந்த ஷீட்டை எங்க போடறதுன்னு விசாரிச்சா, "ஓரமாப் போடுங்க"ங்கிறதுதான் பதில்.

எடுக்குறதை அலட்சியமாச் செஞ்சா என்ன ஆகும்ங்கிறதுக்கு ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவைச் சொல்லலாம். அங்க 1968லேர்ந்து 1979 வரைக்கும் ஒரு வியாபாரி வீட்டுக் கூரைக்குள்ள சூடும் குளிரும் தடுக்க வெறும் கல்நார்ப் பஞ்சையே ஊதி நிரப்பினார். சிமெண்ட்கூட கிடையாது. 'மிஸ்டர் ஃப்ளஃபி' வீடுகள்னு அவைக்குப் பேர். 1988-லேர்ந்து 1993 வரைக்கும் அரசாங்கமே செலவு பண்ணி உறிஞ்சி எடுத்துச்சு. முடிஞ்சதுன்னு எல்லாரும் நினைச்சாங்க. பின்னால பார்த்தா சுவர் இடுக்குல எல்லாம் நார் மிச்சம். கடைசியில 2014-ல, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை விலைக்கு வாங்கி இடிக்க முடிவு பண்ணாங்க. பணக்கார நாடு, ரெண்டு தரம் செலவு பண்ணுச்சு. நம்மால ஒரு தரம்கூட முடியாது. அதனால முதல் தரமே ஒழுங்காச் செய்யணும்.

செய்ய முடியாத வேலையும் இல்லை. சுத்தியலைத் தொடக்கூடாது. ஷீட் மேல தண்ணி தெளிச்சு நனைச்சுக்கிட்டே இருக்கணும், வேகமாப் பீய்ச்சி அடிக்கக்கூடாது. ஜே போல்ட்டைக் கழட்டி, இல்லைன்னா வெட்டி, முழு ஷீட்டா ரெண்டு பேர் கைமாத்தி இறக்கணும். பழைய ஷீட் மேல கால் வச்சா உடைஞ்சு ஆள் கீழே விழுவார், பலகை போட்டுத்தான் ஏறணும். துண்டைக் கட்டினா இந்தத் தூசி நிக்காது, கல்நார் தூசிக்குத் தகுந்த முகக்கவசம் வேணும். இறக்கினதைக் கனமான பாலிதீன்ல சுத்திக் கட்டணும். உதிர்ந்ததை உலர்ந்த துடைப்பத்தால கூட்டாம ஈரத்துணியால துடைக்கணும். வேலை செஞ்ச துணியைக் குழந்தைங்க துணியோட சேர்த்துத் துவைக்கக்கூடாது. கட்டி வச்ச ஷீட்டை எடுத்துப் போய் அபாயக் கழிவா அடக்கம் பண்ற ஏற்பாட்டை அரசாங்கம்தான் வட்டாரத்துக்கு ஒண்ணாவது செய்யணும். வீடு கட்ட லட்சக்கணக்குல கொடுக்குற திட்டத்துல, பழசை இறக்குறதுக்குன்னு ஒரு தொகையும் அதுல இருக்கணும்.

இதை நகரத்துல இருக்குற உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கு. ஊர்ல பாட்டன் வீட்டுக் கொட்டகையை இடிக்கச் சொல்லி நீங்கதான் போன்ல ஆள் பேசுறீங்க. "எவ்வளவு நாள்ல முடிப்பே, எவ்வளவு கேக்குறே"ன்னு கேக்குறீங்க. கூடவே "மேல இருக்குறது என்ன ஷீட், எப்படி இறக்கப் போறே, எங்க கொண்டு போடுவே"ன்னும் கேளுங்க. முகக்கவசத்துக்கும் பாலிதீனுக்கும் கூட ஒரு நாள் கூலிக்கும் சேர்த்துக் கொடுங்க. உங்க வீட்டுல உடையற ஷீட் கடைசியில வந்து சேர்றது எங்க வரப்புக்குத்தான்.