குழிகள் காட்டிய வழி

பழந்தமிழகத்தின் நெடுஞ்சாலைகள் பெருவழி எனப்பட்டன. தருமபுரிப் பகுதியில் அதியமான் பெருவழியின் காதக்கற்கள் இரண்டு கிடைத்துள்ளன. எழுத்தமைதி கொண்டு அவற்றை 13ஆம் நூற்றாண்டினவாகக் கொள்வர் அறிஞர். நாவற்றாவளம் என்னும் இடத்திற்கு ஒன்றிலிருந்து 27 காதம். மற்றொன்றிலிருந்து 29 காதம். தாவளம் என்பது வணிகர் தங்குமிடம்.

கற்களில் மெய்க்கீர்த்தி இல்லை. வழியின் பெயரும் தொலைவுமே உள்ளன. தொலைவைச் சொன்ன முறை நினைக்கத்தக்கது. எண்ணைப் பொறித்த கல்தச்சன், அருகே குழிகளையும் வெட்டினான். பெரிய குழி பத்து; சிறிய குழி ஒன்று. 29 காதத்திற்கு இரண்டு பெரியவை, ஒன்பது சிறியவை. எழுத்தறியாத பொதிமாட்டுக்காரனும் எண்ணிப் பார்த்து நடந்திருப்பான். ஆரணி, சந்தவாசல் வட்டாரத்துத் தறிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜக்கார்டு அட்டையின் துளைகள் சேலையில் பூவாகவும் கொடியாகவும் விழுவதை நாளும் காண்பவர் அவர்.

அக்கல்லின் பரிவு இன்று வேண்டப்படும் இடங்களுள் ஒன்று சென்னை எழும்பூர் இரயில் நிலையம். ஹென்றி இர்வின் வடிவமைத்த அக்கட்டடம் 1908 ஜூன் 11 அன்று திறக்கப்பெற்றது. 1914இல் பாம்பன் பாலம் அமைந்தபின், தனுஷ்கோடி வழியே இலங்கை சென்ற தமிழர் பலர்க்கு அதுவே புறப்பாட்டு வாயிலாயிற்று. 2022 மே 26 அன்று நிலையத்தின் மறுசீரமைப்புக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. பழங்கட்டடத்தைக் காத்து, காந்தி இர்வின் சாலைப் பக்கமும் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கமும் புதிய கட்டடங்கள் எழுப்புவது திட்டம்.

பழைய கூடத்தில் வாயிலும் வளைவும் நடைமேடையும் தாமே வழி சொல்லும். பல தளங்களும் நகரும் படிகளும் சேரும்போது அக்குரல் அடங்கிவிடும். பலகை பேச வேண்டியதாகும். அப்பலகைக்காகப் பழஞ்சுவரைத் துளைத்தால் காத்த கட்டடமே சிதையும். ஆதலின் அது தனிக் காலில் நிற்பதே முறை. விளம்பர வெளிச்சத்தினிடையே வழிக்குறிப்பு கரைந்துபோனால், படிக்கத் தெரிந்தவரே திகைப்பர். எழுத்தறியாத மூதாட்டியின் நிலையைச் சொல்லவேண்டா. தமிழ் முன்னிற்க, எண் பெரிதாக, படம் தெளிவாக, இடந்தோறும் ஒரே முறையில் அமைதல் வேண்டும். சொல் சுருங்கப் பொருள் விளங்குதல் கவிஞர்க்கு மட்டும் உரிய இலக்கணமன்று.

இருபத்தொன்பது என்று எழுதியதோடு கல்தச்சன் தன் வேலையை முடித்திருக்கலாம். கல்லாதவன் ஒருவன் அவ்வழி வருவான் என்பதை எண்ணியே மேலும் பதினொரு குழிகள் வெட்டப்பட்டன. புதிய கட்டடங்களின் வரைபடத்திலும் அவனுக்கு இடம் இருத்தல் வேண்டும்.